ஒருமனதாக

மருமகளின் கை எழும்பவில்லை.

குறிப்பாளர் அதைக் கவனிக்கவில்லை. தீர்மானத்தை வாசித்து முடித்து, தலை நிமிராமல், குறிப்பேட்டில் "ஒரு" என்பதுவரை எழுதிவிட்டார். இருபத்தாறு வருடப் பழக்கம். அவர் வாசிப்பார், கைகள் எழும், அவர் "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது" என்று எழுதி அடியில் ஒரு கோடு போடுவார். அதற்குப் பிறகுதான் யாரும் பிஸ்கட் தட்டில் கை வைக்கலாம்.

"அப்பா, எண்ணிட்டு எழுதுங்க," என்றாள் மகள்.

எண்ணினார். அவருடையது ஒன்று. மனைவியுடையது ஒன்று. மகன், மகள். நான்கு. சோபாவின் ஓரத்தில் மருமகள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, கை வலியா?"

"இல்ல மாமா. நல்லாத்தான் இருக்கு."

"தீர்மானம் புரியலையா? திரும்பப் படிக்கட்டுமா?"

"புரிஞ்சுது மாமா. அத்தை அந்தத் தையல் யூனிட் வேலைக்குப் போக வேண்டியதில்லைன்னு படிச்சீங்க."

"ஆமா."

"எனக்கு அப்படித் தோணல மாமா. அத்தையோட கை சும்மா இருக்கிற கை இல்ல."

சொல்லிவிட்டு அவள் எல்லாருடைய டீக் கோப்பைகளையும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குறிப்பாளர் "ஒரு" என்ற சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பின்னால் என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"நாலுக்கு ஒண்ணு," என்றாள் மகள். "நீங்கதாம்பா ஜெயிச்சீங்க. எழுதிட்டு மூடுங்க."

"இது என்ன விளையாட்டா, ஜெயிக்கிறதுக்கும் தோக்கிறதுக்கும்?" என்றார் குறிப்பாளர். "பொருள் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த ஞாயிறு அஞ்சு மணி."

மனைவி இன்னும் தூக்கியபடியே இருந்த கையை மெதுவாக இறக்கி, ஒரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டாள்.

அலுவலகத்தில் அவருக்கு வேலையே கூட்டங்களில் நடப்பதை எழுதுவதுதான். முப்பத்து மூன்று வருடங்களாக, நீள மேசையின் கோடியில், கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து பெரியவர்கள் பேசுவதை எழுதிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் ஒருவரை ஒருவர் "போய்யா" என்று சொல்லிக்கொண்டால், "கருத்துகள் பரிமாறிக்கொள்ளப்பட்டன" என்று எழுதுவார். ஒருவர் கோப்பைத் தூக்கி மேசையில் எறிந்தால், "உறுப்பினர் கோப்பின் மீது கவனத்தை ஈர்த்தார்." இத்தனை வருடத்தில் அந்த மேசையில் அவருடைய கருத்தை யாரும் கேட்டதில்லை. ஒருமுறை தலைவர் அவர் பக்கம் திரும்பி, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். குறிப்பாளர் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார். கேள்வி அவருக்குப் பின்னால் நின்ற பொறியாளருக்கு.

மகள் பிறப்பதற்குச் சில வருடங்கள் முன்னால் அவர் வீட்டில் கூட்டம் ஆரம்பித்தார். அப்போது உறுப்பினர்கள் இரண்டே பேர், அவரும் மனைவியும். மகன் தொட்டிலில் பார்வையாளர். ஒரே ஒரு விதி: எல்லாரும் ஒத்துக்கொண்டால்தான் தீர்மானம். திரைச்சீலையின் நிறம், தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், மகனின் படிப்பு, மகனின் கல்யாணம், எல்லாம் ஒருமனதாக. எட்டு மாதத்துக்கு முன் வந்த மருமகளும் இதுவரை ஒழுங்காகக் கை தூக்கிக்கொண்டுதான் இருந்தாள். "ஆபீஸ்ல அடிச்சுக்கறாங்க, என் வீட்டுல ஒரே மனசு," என்று பக்கத்து இருக்கைத் தட்டச்சரிடம் அவர் சொல்லாத வாரம் இல்லை.

இந்த ஒரு பொருளில் மட்டும் அவருக்கு வேறு ஒன்றும் இருந்தது. அதைக் குறிப்பேட்டில் எழுத முடியாது. இந்த மாதக் கடைசியில் அவர் ஓய்வு பெறுகிறார். அதே மாதக் கடைசிக்குள்தான், இரண்டு தெரு தள்ளி இருக்கும் சீருடை தைக்கும் யூனிட், துணி வெட்டும் பிரிவை மேற்பார்வை பார்க்க மனைவி வருவாளா என்று பதில் கேட்டிருந்தது. மகன் எட்டரைக்குப் போவான். மருமகள் எட்டே முக்காலுக்கு. மகள் கல்லூரிக்கு. மனைவியும் ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட்டால் மீதி இருப்பது அவரும் ஃப்ரிட்ஜும். ஃப்ரிட்ஜாவது அவ்வப்போது உறுமும்.

தீர்மானத்தில் அவர் "குடும்ப நலன் கருதி" என்று எழுதியிருந்தார்.

மறுநாள் காலை மருமகள் சமையலறையில் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டிருந்தபோது அவர் போய் நின்றார்.

"உன்னைக் கோவிச்சுக்க வரல," என்றார்.

"தெரியும் மாமா. கண்ணாடி தேடறீங்களா? டிவி மேல இருக்கு."

"அதில்ல. நேத்து விஷயம். மத்த எதுல வேணா மாத்திச் சொல்லு. டிவி வாங்கறது, சோபா மாத்தறது. இதுல மட்டும் கொஞ்சம் கையைத் தூக்கிடேன். ஒரு நிமிஷ வேலை."

"சோபா நல்லாத்தானே இருக்கு மாமா."

"அது உதாரணம்."

"அத்தையோட கை சும்மா இருக்கிற கை இல்ல மாமா," என்றாள். அதே குரல், அதே வரி. அவளுக்குத் தராசுகளைச் சரிபார்க்கும் வேலை. நாள் முழுக்க முள் ஆடி அடங்கும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்து பழகியவள். குறிப்பாளர் பத்து நிமிடம் பேசினார். வயது, வெயில், முதுகுவலி, தெருவில் வரும் வாகனங்கள். அவள் எல்லாவற்றுக்கும் "ஆமா மாமா" என்றாள். கடைசியில் அதே வரியைச் சொன்னாள். பிறகு அவருடைய கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் பரவாயில்லை. "கருத்துகள் பரிமாறிக்கொள்ளப்பட்டன" என்று முடித்திருக்கலாம்.

சாயங்காலம் மகனை மொட்டைமாடிக்குக் கூப்பிட்டார்.

"உன் பொண்டாட்டிகிட்ட நீ பேசு."

"என்னன்னுப்பா?"

"என்னன்னா? கை தூக்கச் சொல்லு. வீட்டுல ஒரு ஆள் மாத்திரம் வேற மாதிரி நின்னா நல்லாவா இருக்கு? நாளைக்கு வெளியில தெரிஞ்சா?"

"வெளியில யாருக்குப்பா தெரியப்போகுது? நம்ம கூட்டத்துக்கு நிருபரா வராங்க?"

"பேசறியா, இல்லையா?"

"பேசறேன்பா."

பேசினான். குறிப்பாளருக்கு அது தெரியும். அந்த வாரம் முழுக்க அவர்கள் அறையிலிருந்து பேச்சுக் குரல் வந்துகொண்டே இருந்தது. இடையிடையே சிரிப்பும் வந்தது. அது நல்ல அறிகுறி என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிறு ஐந்து மணிக்குத் தீர்மானத்தை வாசித்தார். இந்த முறை தலை நிமிர்ந்து எண்ணினார். மூன்று கைகள்.

"டேய்," என்றார் மகனைப் பார்த்து.

"பேசினேன்பா. நீங்க சொன்னதெல்லாம் ஒண்ணு விடாம சொன்னேன். பதிலுக்கு அவ ஒண்ணுதான் சொன்னா. யோசிச்சுப் பாத்தா அதுலயும் ஞாயம் இருக்கு."

"அவளை மாத்தச் சொன்னா நீ மாறிட்டு வந்து நிக்கிறியே."

"நீங்கதானப்பா பேசச் சொன்னீங்க."

"மூணுக்கு ரெண்டு," என்றாள் மகள். "இப்பவும் நீங்கதான் முன்னால. அப்பா, தயவுசெஞ்சு எழுதிட்டு மூடுங்க. எனக்குப் பசிக்குது."

"ஒத்திவைக்கப்பட்டது."

"பிஸ்கட்டாவது ஒத்திவைக்காம இருங்களேன்."

மனைவி தூக்கிய கையை இறக்கி மகளிடம் தட்டை நகர்த்தினாள். குறிப்பாளர் அவளை நன்றியோடு பார்த்தார். இந்த வீட்டில் அசையாமல் நிற்கிற ஒரே ஆள் அவள்தான். யாருக்காக இத்தனை பாடுபடுகிறாரோ அவளாவது புரிந்து வைத்திருக்கிறாளே.

திங்கட்கிழமை அலுவலகத்தில் அவருக்கு வேலை ஓடவில்லை. பழைய குறிப்புகளை அடுத்து வருபவருக்காக அடுக்கிக்கொண்டிருந்தபோது அந்தக் கதவு விவகாரம் கையில் அகப்பட்டது.

ஆறு வருடத்துக்கு முந்தையது. கூட்ட அறையின் கதவு உள்பக்கம் திறந்துகொண்டிருந்தது. ஒரு பெண் பொறியாளர், புதிதாக வந்தவர், "தீப்பிடிச்சா எல்லாரும் கதவுல போய் முட்டிக்குவோம், வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாத்தணும்" என்றார். பதினோரு பேர் சிரித்தார்கள். குறிப்பாளர் "உறுப்பினர்கள் மகிழ்ச்சி தெரிவித்தனர்" என்று எழுதினார். அடுத்த கூட்டத்திலும் அந்த அம்மாள் அதையே சொன்னார். அதற்கடுத்த கூட்டத்திலும். குரலை உயர்த்தவில்லை, கோபப்படவில்லை, மற்ற விஷயங்களில் எல்லாரோடும் ஒத்துப்போனார். நான்காவது கூட்டத்தில் ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. ஏழாவது கூட்டத்தில் நான்கு பேர் தலையாட்டினார்கள். ஒன்பதாவதில் தலைவரே எழுந்து, "எனக்கு நேத்து ராத்திரி ஒரு யோசனை தோணிச்சு, இந்தக் கதவு வெளிப்பக்கம் திறந்தா என்ன?" என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். அந்தப் பொறியாளரும் தட்டினார். குறிப்பாளர் அதைத் தலைவரின் யோசனை என்றே தன் கையால் எழுதியிருந்தார்.

அவர் அந்தப் பக்கங்களை இரண்டு முறை படித்தார். ஒரே ஆள், ஒரே வரி, எல்லாக் கூட்டத்திலும்.

"என்ன சார், முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றார் தட்டச்சர்.

"வீட்டுல ஒரு பொருள் இழுத்துக்கிட்டிருக்கு. எங்க வீட்டம்மாவை வேலைக்குக் கூப்பிடறாங்க."

"இந்த வயசுல எதுக்கு சார்? சும்மா வீட்டோட இருக்கட்டுமே."

"அதெப்படிய்யா இருப்பா? அவ கை சும்மா இருக்கிற கை இல்ல," என்றார் குறிப்பாளர்.

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டார். தட்டச்சர் அதற்குள் "அதுவும் சரிதான்" என்று தலையாட்டிவிட்டுத் தட்டச்சுக்குத் திரும்பிவிட்டார்.

இது தொற்று. வேறு பேர் கிடையாது. ஒரு வாரத்துக்கு ஒரு ஆள் என்று பரவுகிறது. இனி இதை விடக் கூடாது.

யோசித்ததில் அவருக்கு ஒன்று புலப்பட்டது. மகன் மனசு மாறவில்லை. பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தப் புருஷனுக்குக் கை எழும்பும்? ஆக, கண்தான் பிரச்சினை. கண்ணை மறைத்துவிட்டால் போதும்.

மூன்றாவது ஞாயிறு ரகசிய வாக்கெடுப்பு.

பழைய காலண்டர் தாள்களை ஒரே அளவாக வெட்டச் சொல்லி மனைவியிடம் கொடுத்தார். அவள் கோடு போடாமல், அளவு பார்க்காமல், பேசிக்கொண்டே வெட்டினாள். ஐந்து தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்தபோது ஒரே தாள் மாதிரி இருந்தன. காலிச் சர்க்கரை டப்பாவின் மூடியில் துளை போட்டு வாக்குப்பெட்டி ஆக்கினார். ஒவ்வொருவராக உள் அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, சம்மதம் என்றால் டிக், இல்லை என்றால் பெருக்கல் குறி.

"அப்பா, நாம அஞ்சே பேரு," என்றான் மகன்.

"ரகசியத்துக்கு எண்ணிக்கை கிடையாது. போ உள்ள."

டப்பாவைத் திறந்து எண்ணினார். டிக். பெருக்கல். பெருக்கல். டிக். கடைசித் தாளை எடுத்தார். பச்சை மையில் பெருக்கல் குறி. அதன் கீழே ஒரு சின்னப் பூ.

இரண்டுக்கு மூன்று.

மகள், "இப்ப எழுத வேணாம்பா," என்றாள்.

"இந்தச் சீட்டு செல்லாது. வாக்குச்சீட்டுல பூ வரையக் கூடாது."

"அப்படி ஒரு விதி இருக்கா?"

"இப்ப வந்தாச்சு."

பூவைக் கழித்தாலும் இரண்டுக்கு இரண்டு என்று மருமகள் தயங்கித் தயங்கி நினைவுபடுத்தினாள். குறிப்பாளர் "ஒத்திவைப்பு" என்று எழுதிவிட்டுச் சர்க்கரை டப்பாவை மூடினார். பூ போட்ட சீட்டோடு டப்பாவின் அடியில் இருந்த சர்க்கரையும் அவர் விரலில் ஒட்டியிருந்தது.

வாக்கு ரகசியம்தான். ஆனால் வீட்டுக் கூட்டத்தின் தலைவரான தனக்குத் தெரிய வேண்டாமா? மறுநாள் காலை எல்லாரும் கிளம்புவதற்கு முன், வீட்டில் இருந்த பேனாக்களை எல்லாம் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றாகச் செய்தித்தாளின் ஓரத்தில் கிறுக்கிப் பார்த்தார். பதினேழு பேனாக்கள் இருக்க வேண்டும். ஆறு எழுதவில்லை. பத்து நீலமும் கறுப்பும். பதினேழாவதைக் காணவில்லை, பதினாறுதான் இருந்தன. மறுபடி எண்ணினார்.

மகள் காலணி மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தாள். "பச்சையா தேடறீங்க? என் பையில இருக்கு. இந்தாங்க."

"நீயா?"

"நான்தான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. எதுக்கு இத்தனை பேனாவை எழுப்பி விட்டீங்க?"

"ரெண்டு வாரமா என் பக்கம் இருந்தியேம்மா."

"இருந்தேன். அண்ணி சொல்லிக்கிட்டே இருக்காங்களா, எனக்கும் மெதுவா அப்படித்தான் தோணிச்சு." அவள் அவர் தோளைத் தட்டிவிட்டு ஓடிவிட்டாள்.

இன்னும் இரண்டே வாரம் இருந்தது. குறிப்பாளர் கணக்கை மாற்றிப் போட்டார். ஒருமனதாக என்பது இப்போதைக்குக் கிடையாது. முதலில் தோற்காமல் இருக்க வேண்டும். அவரும் மனைவியும் இரண்டு. எதிரணி மூன்று. இன்னும் ஒரு ஓட்டு கிடைத்தால் சமம். சமம் வந்தால் தலைவருக்கு ஒரு சிறப்பு வாக்கு உண்டு, அலுவலகத்தில் அப்படித்தான். ஆக, ஒரு ஆள் வேண்டும். நிச்சயமாக மாறாத ஆள்.

மனைவியின் தம்பியைத் தவிர வேறு யார்?

மைத்துனர் செருப்புக் கடை வைத்திருந்தார். நாள் முழுக்க முட்டுக்காலில் உட்கார்ந்து, வந்தவர் சொன்னதற்கெல்லாம் "சரிங்க" சொல்லிப் பழகியவர். அத்தான் பகலை இரவு என்றாலும் விளக்கைப் போட்டுவிடக் கூடியவர். படிக்கிற காலத்தில் மூன்று வருடம் இந்த வீட்டில்தான் சாப்பிட்டார். அந்த அடிப்படையில் அவருக்கு உறுப்பினர் தகுதி உண்டு என்று குறிப்பாளர் ஒரு தனித் தாளில் எழுதி, தானே கையெழுத்தும் போட்டுக்கொண்டார். பிறகு அலுவலகத் தொலைபேசியில் கூப்பிட்டார், வீட்டில் யாருக்கும் தெரியாமல்.

"மாப்பிள்ளை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வரணும்."

"சரி அத்தான்."

"வந்து நான் கை தூக்கும்போது நீயும் தூக்கணும். அவ்வளவுதான்."

"சரி அத்தான்." மறுமுனையில் காலண்டர் தாள் புரளும் சத்தம். "இந்த ஞாயிறேவா அத்தான்?"

"ஏன், கடையில ஏதாவது வேலையா?"

"இல்ல இல்ல. சும்மா கேட்டேன். வந்துடறேன்."

ஞாயிறு நாலரை மணிக்கே மைத்துனர் வந்துவிட்டார். அவரைப் பார்த்து வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை என்பது குறிப்பாளருக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மருமகள் ஆறாவது கோப்பையில் டீ ஊற்றினாள். மகள் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

குறிப்பாளர் முதலில் புதிய உறுப்பினரை அறிமுகப்படுத்தினார். மூன்று வருடச் சாப்பாட்டை விளக்கினார். எதிர்ப்பு இருக்கிறதா என்று கேட்டார். யாரும் எதிர்க்கவில்லை. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல்முறையாக "ஒருமனதாக" என்று எழுதினார். அந்தச் சொல்லை எழுதும்போதே ஒரு தெம்பு வந்தது.

"இப்ப பழைய பொருள். ரகசியம் எல்லாம் வேணாம், கையையே தூக்கலாம். குடும்ப நலன் கருதி, அம்மா தையல் யூனிட் வேலைக்குப் போக வேண்டியதில்லை."

கையை உயரத் தூக்கினார். மைத்துனரும் தூக்கினார். குறிப்பாளர் மூன்றாவது கையைத் தேடினார்.

மனைவி மடியில் கிடந்த ஒரு நூலைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான்," என்றார்.

"கேட்டுச்சுங்க."

"கையைத் தூக்கல?"

"மூணு வாரம் உங்களுக்காகத் தூக்கினேன். இந்த வாரம் எனக்காக வெச்சுக்கிட்டேன்."

குறிப்பாளர் கையை இறக்க மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். "உறுப்பினர் கருத்து வேறுபட்டார்" என்று எழுதலாம். முப்பது வருடம் கூட வாழ்ந்தவளை உறுப்பினர் என்று எப்படி எழுதுவது?

"உனக்குப் போகணும்னு இருந்தா மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

"நீங்க எங்க கேட்டீங்க? கை தூக்குன்னீங்க, தூக்கினேன்."

அவர் குறிப்பேட்டை மூடினார். பிறகு திறந்தார். பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார்.

"பகல் முழுக்க நான் என்ன பண்றது?" என்றார். யாரையும் பார்க்காமல் சொன்னார். குரல் அவருக்கே சின்னதாகக் கேட்டது. "நீங்க எல்லாரும் போயிடுவீங்க. நான் கூட்டம் போட்டாக்கூட ஆள் கிடையாது."

மகன் எதையோ சொல்ல வாயெடுத்தான். மருமகள் அவன் முழங்கையைத் தொட்டாள்.

"யூனிட் ரெண்டு தெரு தள்ளித்தானேங்க இருக்கு," என்றாள் மனைவி. "மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குத்தான் வருவேன். நீங்க சமைச்சு வெச்சா சேர்ந்து சாப்பிடலாம்."

"நானா? சமையலா?"

"அது தனிப் பொருள்ப்பா," என்றாள் மகள். "அடுத்த வாரம் எடுத்துக்கலாம். இதை முடிங்க."

"முருங்கை மரம் மாதிரி உடையாம நின்னேன்னு நினைச்சேன்," என்று குறிப்பாளர் முணுமுணுத்தார்.

"அதுதாங்க சட்டுனு உடையற மரம்," என்றாள் மனைவி.

கூடத்தில் முதலில் சிரித்தது மருமகள். குறிப்பாளர் அவளை முறைத்துப் பார்த்தார். நான்கு வாரத்தில் ஒரு முறைகூட அவள் குரல் உயர்ந்ததில்லை. இரண்டாவது வரி ஒன்று அவளிடம் இருந்ததாகவும் தெரியவில்லை. அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வீட்டையே புரட்டிவிட்டாள். புருஷனை, நாத்தனாரை, மாமியாரை. போகிற போக்கில் அலுவலகத் தட்டச்சரைக்கூட.

குறிப்பேட்டைப் பார்த்தார். இருபத்தாறு வருடம். ஒவ்வொரு பக்கத்திலும் அந்தச் சொல், அதன் அடியில் கோடு. கடைசி மூன்று பக்கங்களில் மட்டும் "ஒத்திவைப்பு, ஒத்திவைப்பு, ஒத்திவைப்பு." இதைச் சரிசெய்ய இனி ஒரே வழிதான் இருந்தது. நான்கு பேரை இழுப்பதைவிட ஒருவர் நகர்வது சுலபம். அந்த ஒருவர் தானாக இருப்பதுதான் தாங்கவில்லை.

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தலைவருக்கு ஒரு யோசனை தோணியிருக்கு," என்றார். "அம்மாவோட கை சும்மா இருக்கிற கை இல்ல. அதனால, குடும்ப நலன் கருதி, அம்மா வேலைக்குப் போகலாம். சம்மதிக்கிறவங்க கை தூக்கலாம்."

மருமகள் தூக்கினாள். மகன் தூக்கினான். மகள் இரண்டு கைகளையும் தூக்கி, அவர் பார்த்ததும் ஒன்றை இறக்கினாள். மனைவி நூலைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினாள். குறிப்பாளர் ஒரு முறை ஜன்னலைப் பார்த்தார், பிறகு தானும் தூக்கினார். நினைத்த அளவுக்கு அது கனக்கவில்லை. இடது கையால் பேனாவைப் பிடித்து "ஒரும" வரை எழுதியும்விட்டார்.

"அப்பா," என்றாள் மகள், "எண்ணிட்டு எழுதுங்க."

எண்ணினார். ஐந்து கைகள். ஆறு பேர். சோபாவின் மறுகோடியில் மைத்துனர் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குறிப்பாளருக்கு இருந்த கொஞ்சநஞ்சப் பொறுமையும் போயிற்று. "யோவ் மாப்பிள்ளை, நானே மாறிட்டேன், உனக்கு இன்னும் என்னய்யா? பொறந்ததுலேருந்து எல்லாத்துக்கும் சரி சொல்ற ஆளு, இன்னிக்குன்னு பாத்தா கொள்கை வந்துச்சு? நாலு வாரம் உயிரைக் குடுத்து இப்பத்தான் ஒருமனசுக்கு வந்திருக்கு, அதுல மண்ணைப் போடாம கையைத் தூக்கு."

மைத்துனர் பரிதாபமாகத் தன் அக்காவின் பக்கம் திரும்பினார்.

"நீதானேக்கா, எல்லாரும் ஒரே நாள்ல எதிர்த்தா அத்தானுக்குத் தாங்காது, வாரம் ஒருத்தரா மாறலாம், கடைசியில எப்படியும் என்னைக் கூப்பிடுவாரு, என் முறை அஞ்சாவது வாரம்னு அப்பவே கணக்குப் போட்டுக் குடுத்தே? இது நாலாவதுதானே, இப்ப நான் தூக்கவா, வேணாமா?"